சென்னை வெயிலில் ஒரு வெண்ணெய் கேக்: ஆறு நாள் பதிவு

வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். 8 அங்குல டின், 170 டிகிரி, 45 நிமிடம். ஐசிங் இல்லை. ஏப்ரல் மாதம், பகலில் சமையலறை 32, 33 டிகிரியில் இருந்தது. கேக்கை நான்காக வெட்டி, நான்கு விதமாக வைத்துப் பார்த்ததன் பதிவு இது.

வெட்டுவதற்கு முன் ஆற வேண்டும். டின்னில் 10 நிமிடம், பிறகு கம்பி வலைத் தட்டில் இரண்டரை மணி நேரம். மேலே தொட்டால் ஆறிவிட்டது போலத்தான் தெரியும். அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சூடு மிச்சமிருந்தாலும் டப்பா மூடி உள்ளே வேர்த்து, கேக் மேல் சொட்டும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

முதல் துண்டு, வெட்டிய பக்கங்களில் கிளிங் ஃபிலிம் ஒட்டி, ஏர்டைட் டப்பாவில், வெளியிலேயே. இரண்டாம் நாள் அருமை. அன்றைய மணம் சுட்ட அன்றுகூட இல்லை. நான்காம் நாள் காலை அடிப்பக்கம் பிசுபிசுத்தது, பட்டர் பேப்பர் ஒட்டியிருந்த மூலையில் கடுகளவு பச்சைப் புள்ளி. முழுத் துண்டும் குப்பைக்கு. புள்ளியை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடக் கூடாது. கேக் மெத்தென்று இருப்பதால் பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

ஃப்ரிட்ஜில் திறந்த தட்டில் வைத்த துண்டு மறுநாளே ஓரம் ரஸ்க் மாதிரி ஆனது, பூண்டு வாடை வேறு. வெண்ணெய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

நன்றாகச் சுற்றி அதே ஃப்ரிட்ஜில் வைத்த மூன்றாவது துண்டு ஆறு நாளும் கெடவில்லை, ஆனால் கல் மாதிரி இறுகியது. வெண்ணெய் உறைந்தது ஒரு காரணம். வெளியே 40 நிமிடம் வைத்தால் அது சரியாகிவிடும். மைதாவின் மாவுச்சத்து இறுகுவது அடுத்தது. ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் அது வெளியில் இருப்பதைவிட வேகமாக நடக்கிறது. மைக்ரோவேவில் 15 விநாடி வைத்தால் இளகும், ஆறியதும் மறுபடி இறுகும். எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு, எண்ணெய் அந்தக் குளிரில் வெண்ணெய் போல உறையாது.

நான்காவதுதான் ஜெயித்தது. துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர், மேலே கிளிங் ஃபிலிம் இரண்டு சுற்று, அதற்கு மேல் ஃபாயில், தேதி எழுதி ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரி. ஆறாம் நாள் வெளியே எடுத்து, சுற்றியதைப் பிரிக்காமலே இரண்டு மணி நேரம். வேர்வை ஃபாயில் மேலேயே நின்றது. பிரித்தபோது கிட்டத்தட்ட முதல் நாள் கேக். ஒரு துண்டை மட்டும் அவசரமாகப் பிரித்ததில் மேல்தோல் பிசினாகிவிட்டது. இப்படிச் சுற்றியது இரண்டு மாதம் தாங்கும்.

ஆக, இரண்டு நாளுக்கு வேண்டியதை வெளியே வைத்து, மிச்சத்தைச் சுட்ட அன்றே ஃப்ரீசரில் போடுவது நல்லது. ஃப்ரெஷ் கிரீம், கஸ்டர்ட் வைத்த கேக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு ஃப்ரிட்ஜ்தான். 32 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டால் கொட்டிவிடுங்கள், வாடையை வைத்து முடிவு செய்ய முடியாது.

முழு வட்டக் கேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதென்றால், 1906-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபிரான்சிஸ் கால்டன் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய முறை இன்றும் உதவும். முக்கோணமாக வெட்டாமல் நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டையை எடுத்து, இரு பாதிகளையும் நெருக்கிச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவது. வெட்டிய பக்கம் காற்றுப் படாது. டப்பாவை ஒரு தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது.