இரண்டே பொருளில் அமெரிக்கத் தென்மாநில பிஸ்கட்

டீயில் நனைக்கும் மொறுமொறு பிஸ்கட் இல்லை இது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காலையில் கிரேவியோடு சாப்பிடும் மெத்தென்ற பிஸ்கட்.

செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வரும் மைதா) 2 கப், குளிர்ந்த ஹெவி கிரீம் (கொழுப்பு மிகுந்த கெட்டி கிரீம்) ஒன்றேகால் கப். அந்த மாவு இல்லையா? 2 கப் மைதாவுக்கு 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. கிரீமிலேயே கொழுப்பு இருப்பதால் வெண்ணெயை மாவில் தேய்க்கும் வேலை மிச்சம்.

கரண்டியால் கிளறி, திரண்டதும் நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி ரப்பராகிவிடும். மூன்று முறை மடித்து, ஓர் அங்குலக் கனத்தில் தட்டி, அச்சை நேராக அழுத்தி வெட்டுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், எழும்பாது. ஒன்றையொன்று தொடுமாறு அடுக்குங்கள். பக்கவாட்டில் பரவாமல் உயரும். முன்பே 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய அவனில் 12 முதல் 15 நிமிடம்.

பேக்கிங் பவுடர் பழசென்றால் இத்தனையும் வீண். ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.