என் வீட்டுத் தண்ணீர், அண்ணன் வீட்டு மண்

எங்கள் மனை தெருவைவிடத் தாழ்வு. மழைத் தண்ணீர் தெரு வடிகாலுக்கு ஏறாது, பின்னால் இருக்கும் ஓடைக்குத்தான் போயாக வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டு அண்ணனின் தோட்டம். வேலி ஓரமாக ஒரு பைப் பதித்துக்கொள்ள அவர் எப்போதோ வாய்வார்த்தையாகச் சம்மதித்துவிட்டார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதும்தான் முகம் சுருங்கியது. "நமக்குள்ள என்ன தம்பி பத்திரம்?" என்றார். நமக்குள் ஒன்றுமில்லை அண்ணே, நாளைக்கு நீங்களோ நானோ விற்றுவிட்டால் வாங்க வருகிறவர் நம் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாரே என்றேன். யோசித்துவிட்டு, சரி, எழுதுங்க என்றார்.

இதற்கென்றே ஆன்லைனில் படிவம் இருக்கிறது. கேட்டதை நிரப்பினால் பிடிஎஃப் கையில். பெயர், முகவரி, சொத்து விவரம் எல்லாம் விலாவாரியாகக் கேட்கிறது. பைப் எங்கே எப்படிப் போகிறது என்பதற்கு மட்டும் இரண்டு வரி கொள்ளும் ஒரு பெட்டி. பின்னால் சண்டை வரப்போவது அந்த இரண்டு வரியில்தான். நான் அதில் 'இணைப்பு 1 பார்க்க' என்று மட்டும் தட்டிவிட்டு, விஷயத்தையெல்லாம் இணைப்பில் வைத்தேன்.

இணைப்பு என்றால் ஒரு ஸ்கெட்ச். வேலியிலிருந்து 60 செ.மீ. உள்ளே, 24 மீட்டர் நீளம், 110 மி.மீ. பிவிசி பைப். வாட்டம் 100-க்கு 1, அதாவது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 24 செ.மீ. இறக்கம். ஆழத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதினால் பிரயோஜனமில்லை, தோட்டத்து மண் ஏறும், இறங்கும். அண்ணன் வீட்டுப் பின்வாசல் படியை நிலை மட்டமாக, அதாவது எல்லா ஆழத்தையும் அளக்கும் மாறாத புள்ளியாக வைத்துக்கொண்டு, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துக் குறித்தோம். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ போடாமல் 45 டிகிரியில் இரண்டு, பக்கத்திலேயே திறந்து சுத்தம் செய்ய ஒரு சேம்பர், அதாவது சின்னத் தொட்டி. குழியை மூடுவதற்கு முன் அளவுகோலை வைத்து எடுத்த போட்டோக்களையும் சேர்த்தாயிற்று.

எவ்வளவு தண்ணீர் என்றும் எழுத வேண்டும். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். என் கூரை 100 சதுர மீட்டர், மணிக்கு 50 மி.மீ. அடித்தால் 5,000 லிட்டர். அதை இந்தப் பைப் தாராளமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் நாளைக்கு நான் முற்றம் முழுக்க கான்கிரீட் போட்டு அந்தத் தண்ணீரையும் இதிலேயே திருப்பிவிட்டால்? அதனால் கூரைப் பரப்பைக் குறிப்பிட்டு, அதற்கு மேல் சேர்ப்பதென்றால் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும் என்று போட்டேன்.

அண்ணன் கேட்ட கேள்வியை அந்தப் படிவத்தின் டெம்ப்ளேட் எழுதியவர் சரியாக யோசிக்கவில்லை. "மழைத் தண்ணி சரி தம்பி, வாஷிங் மெஷின் தண்ணியும் இதுலதான் வருமா?" படிவத்தில் அதற்கு ஒரு தேர்வு இருந்தது: மழைநீர், கழிவுநீர், இரண்டும். திறக்கும்போதே 'இரண்டும்' என்பதில் டிக் விழுந்திருந்தது! அதை மாற்றி, குளியலறை, சமையலறை, வாஷிங் மெஷின் தண்ணீர் எதுவும் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதினோம்.

அப்புறம் பராமரிப்பு. 'இரு தரப்பினரும் வடிகாலை நல்ல நிலையில் வைத்திருப்பார்கள்' என்றது டெம்ப்ளேட். அடைத்துக்கொண்டால் மண்வெட்டியை யார் எடுப்பது? அடைப்பு எடுப்பதும் சேம்பர் வண்டலை அள்ளுவதும் என் செலவு. தோட்டத்துக்குள் வர ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும், கொட்டுகிற மழையில் தண்ணீர் தேங்கினால் மட்டும் சொல்லிக்கொண்டே வரலாம். தோண்டிய இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். அவர் பக்கத்தில், பைப்புக்கு மேல் கட்டடம் கூடாது, இரண்டு மீட்டருக்குள் மரம் வைக்கக் கூடாது.

இந்த வழக்கெல்லாம் புதிதில்லை. 533-இல் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்டத் தொகுப்பில் அண்டை நிலத்து மழைநீருக்கென்றே ஒரு தலைப்பு உண்டு. 1804-இன் பிரெஞ்சு சிவில் சட்டம், மனிதக் கை படாமல் மேட்டிலிருந்து தானாக வரும் நீரைத் தாழ்ந்த நிலம் ஏற்க வேண்டும் என்கிறது. கூரைத் தண்ணீரை அண்டை வீட்டு மண்ணில் விடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் செய்வது இரண்டாவது ரகம். கூரையில் சேர்த்துப் பைப்பில் அனுப்புகிறேன், கேட்காமல் முடியாது.

படிவம் கடைசியில் இ-கையெழுத்தோடு முடிந்துவிட்டது. எங்கள் இருவருக்குள் அது போதலாம். வீட்டை வாங்குகிறவரையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் பல நாடுகளில் நில ஆவணத்தில் பதிவு செய்தாக வேண்டும், சாட்சியும் கேட்பார்கள். அதைப் படிவம் எங்கேயும் சொல்லவில்லை. வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு முன்பக்கத்தை மட்டும் திருத்தினார். அண்ணன் வீட்டின் மேல் வங்கிக் கடன் இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்றார்.

ஒப்பந்தம் முடியும் தேதியை நிரப்பாமல் படிவம் நகரவே மாட்டேன் என்றது. மழைக்கு என்ன தேதி போடுவது? ஏதோ ஒரு தேதியைத் தட்டி பிடிஎஃபை எடுத்துக்கொண்டோம். வக்கீல் அதை அடித்துவிட்டு, என் மனைக்குத் தாழ்வான பக்கத்தில் பொது வடிகால் வந்து நான் அதில் இணையும் நாள் வரை என்று எழுதிக் கொடுத்தார்.