பூட்டைத் திறக்க வருபவர் யார்?

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவருக்கு நிதானமாக விசாரிக்க நேரமிருக்காது என்பதை அறிந்தே, போலிப் பூட்டுத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த கட்டணத்தை இணையத்தில் விளம்பரப்படுத்துகிறார்கள். இணைய வரைபடத்தில் பக்கத்துத் தெரு முகவரி இருக்கும். அழைப்போ எங்கோ உள்ள கால் சென்டருக்குப் போகும். வருபவர் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் துளையிட்டுத்தான் திறக்க முடியும் என்று சொல்லி, நல்ல பூட்டை உடைத்துவிட்டு, புதிய பூட்டுக்கும் சேர்த்துப் பல மடங்கு பணத்தை ரொக்கமாகக் கேட்பார். சாதாரண வீட்டுப் பூட்டைத் தேர்ந்த தொழிலாளர் பெரும்பாலும் சேதமின்றியே திறந்துவிடுவார்.

2018இல் மட்டும் தன் வரைபடச் சேவையிலிருந்து 30 லட்சத்துக்கும் அதிகமான போலி நிறுவனப் பக்கங்களை நீக்கியதாகக் கூகுள் அறிவித்தது. ஆயினும், விளம்பரத்தால் வருமானம் ஈட்டும் தளங்கள் புகாருக்குக் காத்திராமல் முகவரியை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை, மொத்தக் கட்டணத்தை எழுத்தில் பெறாமல் யாரையும் பூட்டில் கைவைக்க விடாதீர்கள்.