கழற்றிய மூக்குத்தியை மறுபடி போடும்போது: துளை தூர்ந்ததா, சுருங்கியதா?

கழற்றி வைத்த மூக்குத்தியை ஆறு மாதம் கழித்து எடுத்துப் போட்டுப் பார்க்கிறீர்கள். உள்ளே போகவில்லை. உடனே "துளை தூர்ந்துபோச்சு" என்று முடிவு கட்டிவிட்டு, சிலர் மூக்குத்தியின் தண்டை வைத்தே அழுத்திக் குத்துகிறார்கள், சிலர் தையல் ஊசியைத் தேடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பல சமயம் துளை தூர்ந்திருக்காது, சுருங்கித்தான் இருக்கும். சுருங்கிய துளையை வீட்டிலேயே பொறுமையாகத் திறந்துவிடலாம். தூர்ந்த துளையை வீட்டில் குத்தவே கூடாது. புருவம், உதடு, புல்லாக்கு போடும் இடம் என்று முகத்தில் எங்கே துளை இருந்தாலும் இதே கணக்குதான்.

துளை ஆறுவது என்றால் அதன் உள்சுவர் முழுக்கத் தோல் படர்வது. தோல் வெளிவாயிலிருந்தும் உள்வாயிலிருந்தும் வளர்ந்துகொண்டே வந்து நடுவில் சந்திக்கும். மூக்கின் பக்க மடலில் இதற்கு 4 முதல் 6 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்கு முன் கழற்றினால் நடுப்பகுதி இன்னும் பச்சைப் புண், சில மணி நேரத்திலேயே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும். வருடக்கணக்கில் போட்டிருந்த துளை அப்படி ஒட்டாது. ஆனால் இறுகும். அதுவும் முதலில் இறுகுவது உள்பக்கம். மூக்கின் உள்ளேயும் வாயின் உள்ளேயும் இருப்பது ஈரமான சவ்வு, அது வெளித்தோலைவிட வேகமாக மூடிக்கொள்ளும். வெளியே புள்ளி பளிச்சென்று தெரிந்தும் தண்டு பாதி வழியில் முட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். துளையின் இரண்டு பக்கமும் சுத்தமான விரல்களை வைத்து மெதுவாக அழுத்துங்கள். வெள்ளையாக, மாவு போல, கொஞ்சம் நாற்றத்தோடு ஏதாவது வெளிவந்தால் நல்ல அறிகுறி. அது சீழ் அல்ல. துளையின் சுவரில் உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தது, அதாவது உள்ளே தோல் படர்ந்த ஒரு பாதை இன்னும் இருக்கிறது. தோலைச் சற்று இழுத்துப் பிடித்தால் வெளிப்புள்ளி சின்னக் குழியாகத் திறப்பதும் நல்லதே. இழுத்தாலும் திறக்காமல் வழவழப்பாக, தடிப்பாக, சுற்றிலும் உள்ள தோலோடு சேர்ந்து நகரும் புள்ளி என்றால் அது பெரும்பாலும் தழும்பு.

அடுத்தது தண்டின் தடிமன். கேஜ் எண் கூடக் கூடத் தண்டு மெலிதாகும், இதில் குழம்பாதவர் குறைவு. 20 கேஜ் என்பது 0.8 மி.மீ., 18 என்பது 1.0, 16 என்பது 1.2, 14 என்பது 1.6. மூக்கு மடலில் வழக்கமாக 20 அல்லது 18, புருவத்தில் 16, உதட்டில் 16 அல்லது 14. பழைய நகையின் அளவு தெரியாவிட்டால் வெர்னியர் காலிப்பரில் தண்டை அளந்துவிடுங்கள். கண்ணால் பார்த்து 0.8-க்கும் 1.0-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, துளை அதைக் கண்டிப்பாக உணரும். சுருங்கிய துளைக்குப் பழைய அளவைவிட ஒரு படி மெல்லிய தண்டு ஒன்றைத் தயாராக வைத்திருப்பது பாதி வேலையை முடித்த மாதிரி.

உலோக விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஏஎஸ்டிஎம் எஃப்136 தர (உடலுக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கான தரம்) டைட்டானியம், நியோபியம், அல்லது நிக்கல் கலக்காத 14 அல்லது 18 கேரட் முழுத் தங்கம். "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்ற பெயரைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், அந்தப் பெயரில் விற்கும் 316எல் எஃகில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. தங்க முலாம் தேய்ந்தால் அடியில் இருப்பது தோலில் படும். வெள்ளி கறுத்து, துளையைச் சுற்றிச் சாம்பல் நிறக் கறையை நிரந்தரமாகவே விட்டுவிடக்கூடும்.

இனி மாட்டும் முறை. முதலில் கைகழுவும் தொட்டியின் வடிகாலை மூடி, மேலே ஒரு துண்டை விரியுங்கள். நழுவி விழுந்த திருகாணியைக் குழாய்க்குள் தேட வேண்டியிருக்காது. சோப்பு போட்டு 20 நொடி கை கழுவிவிட்டு நைட்ரைல் கையுறை போடுங்கள். 0.9 சதவீத சலைனில், அதாவது ஸ்டெரைல் உப்புநீரில், நனைத்த காஸ் துணியைக் கைபொறுக்கும் சூட்டில் 5 முதல் 10 நிமிடம் துளையின் மேல் வையுங்கள். தோல் இளகும், காய்ந்த அழுக்கு ஊறும். ஐஸ் மட்டும் வேண்டாம், அது தசையை இறுக்கி விறைக்க வைக்கும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். வழுக்குவதற்கு, நீர் அடிப்படையிலான, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்டெரைல் லூப்ரிகன்ட் பாக்கெட். வாசலினும் எண்ணெயும் துளைக்குள் தங்கி அழுக்கைப் பிடித்து வைக்கும்.

எல் வடிவமோ சுருளோ ஆன மூக்குத்தியை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். வளைந்த தண்டு எந்தப் பக்கம் போகிறது என்று விரலுக்குத் தெரியாது, அதன் நுனி வெட்டிய விளிம்போடு இருந்தால் சுவரைக் கீறும். நுனியில் குமிழ் உள்ள நோஸ் போன் அதைவிட மோசம், போகும்போதும் வரும்போதும் கிழிக்கும். ஏற்றது, உள்பக்கம் தட்டையான தட்டு உள்ள நேர்த்தண்டு லேப்ரெட். அதோடு அதே தடிமனில் ஒரு பின் டேப்பர். டேப்பர் என்பது ஒரு முனை மெலிந்து மறுமுனை முழுத் தடிமனுக்கு வரும் கூம்புக் கம்பி. தடித்த முனையிலுள்ள ஊசி போன்ற பகுதி லேப்ரெட்டின் திறந்த வாய்க்குள் செருகிக்கொள்ளும், முன்னால் டேப்பர் வழிகாட்டப் பின்னால் தண்டு தொடரும்.

தட்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதால் இது உள்ளிருந்து வெளியே வர வேண்டும். சிக்கல் என்னவென்றால் மூக்குக்குள் அந்தச் சின்ன உள்வாயைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் டேப்பருக்குப் பதில் வேறு ஒரு மெல்லிய, மழுங்கிய நுனியுள்ள நேர்க்கம்பியை முதலில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். மூக்கு மடலின் தோலுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள், மடல் சாய்வாக இருப்பதால் கம்பியும் சற்றுச் சாய்ந்தே போகும். மூக்கின் நடுத்தடுப்பை நோக்கி நேர்க்கோட்டில் தள்ளினால் துளையின் சுவரில்தான் முட்டும். மறுகையின் சுண்டுவிரலை மூக்குக்குள் வைத்து மடலைத் தாங்கிக்கொள்ளுங்கள். தள்ளாதீர்கள். நுனியைத் துளையில் வைத்து, விரல்களுக்கிடையே லேசாக உருட்டி, கம்பி தானே வழி தேட விடுங்கள். சரியான பாதையில் போனால் ஒரு மெல்லிய இறுக்கமும் அழுத்தமும் தெரியும், பிறகு சட்டென்று விடுபட்டுச் சுண்டுவிரலில் நுனி தட்டுப்படும்.

நுனி உள்ளே தெரிந்ததும், கல் கழற்றிய லேப்ரெட்டின் குழல் வாயை அந்த நுனியோடு ஒட்டிவைத்து, தொடர்பு விடாமல் வெளிநோக்கித் தள்ளுங்கள். கம்பி பின்வாங்கும், தண்டு அதன் இடத்தைப் பிடிக்கும். இடையில் ஒரு நொடி இடைவெளி விழுந்தாலும் உள்வாய் மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்துதான். திருகில்லாத வகை என்றால் கல்லின் ஊசியை மிக லேசாக வளைத்துவிட்டுச் செருகுங்கள், அந்த வளைவுதான் பிடிமானம். வளைக்காமல் செருகினால் தூக்கத்தில் கழன்றுவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கூர்மையான வலி வந்தால், இரத்தத் துளி தெரிந்தால், அல்லது உள்பக்கச் சவ்வு கூடாரம் போலக் குவிந்து எழும்பி வெளுத்தால், கம்பி பழைய பாதையை விட்டு விலகிப் புதுப் பாதை தோண்டுகிறது. அந்தப் புதுப் பாதைக்குச் சுவர் இல்லை, அது புண். உடனே வெளியே எடுங்கள். வலி இல்லாவிட்டாலும் 10, 15 நிமிடத்துக்கு மேல் முயல வேண்டாம், ஒவ்வொரு முயற்சியிலும் சற்று வீங்கித் துளை மேலும் குறுகும். ஒரு நாள் விட்டு முயலுங்கள். அதற்கும் இசையாவிட்டால் நல்ல பியர்சரிடம், அதாவது துளையிடுவதையே தொழிலாகச் செய்பவரிடம், போங்கள். டேப்பரால் பழைய துளையைத் திறப்பது அவர்களுக்குச் சில நிமிட வேலை, பலரும் நினைப்பதுபோல அங்கே போனாலே ஊசி என்று இல்லை.

உண்மையிலேயே தூர்ந்துவிட்டால் ஏன் வீட்டில் குத்தக் கூடாது? பியர்சிங் ஊசி உள்ளீடற்றது, முனை சவரக்கத்தி போல் வெட்டி வழி விடும். தையல் ஊசியும் ஊக்கும் வெட்டாது, திசுவை விலக்கிக் கிழிக்கும். பழைய தழும்பு நார் நாராக இறுகியது, அதில் பட்ட ஊசி வழுக்கிக் கோணும். சுத்தம் இன்னொரு பிரச்சினை. கொதிநீர் 100 டிகிரிதான், பாக்டீரியா வித்துகள் அதில் சாகாது, கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் அழுத்தமான நீராவியில் 121 அல்லது 134 டிகிரிக்குப் போகும். நெருப்பில் காட்டிய ஊசியில் கரி படியும். மூக்கும் மேலுதடும் சேர்ந்த பகுதியின் சிரைகளுக்கு மண்டைக்குள் இருக்கும் சிரைகளோடு தொடர்பு உண்டு, அதனால் இங்கே வரும் தொற்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. துப்பாக்கிக் கருவியும் வேண்டாம், அது மழுங்கிய தண்டை வேகத்தால் அடித்து நுழைக்கிறது, குருத்தெலும்பு நசுங்கும்.

மறுபடி குத்துவதென்றால் துளை முழுதாகத் தூர்ந்து ஆறிய பிறகு குறைந்தது 3 மாதம் பொறுங்கள், தழும்பு மிருதுவாகட்டும். அதே இடத்திலா சற்றுத் தள்ளியா என்பது தழும்பைத் தொட்டுப் பார்த்துப் பியர்சர் சொல்ல வேண்டியது. முன்பு கெலாய்டு வந்திருந்தால், அதாவது தழும்பு புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால், முதலில் தோல் மருத்துவர். புருவத் துளை தானாக மேலெழும்பி, தோல் மெலிந்து வெளியே தள்ளப்பட்டிருந்தால் அதே இடத்தில் மீண்டும் முயலாதீர்கள், உடல் அதை மறுபடியும் தள்ளும். உதட்டில் உள்தட்டு ஈறில் உரசி ஈறு இறங்கியதால் கழற்றியவர்களும் அப்படியே.

மாட்டிவிட்டீர்கள் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் அதை அரைப் புண்ணாக நடத்துங்கள். தினம் இருமுறை சலைன் ஸ்ப்ரே, பிறகு காஸால் ஒற்றி உலர்த்துதல், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புதிதாக வளரும் செல்களையும் கொன்றுவிடும். வீட்டு உப்பைக் கரைத்தால் செறிவு கூடிப்போய்த் தோல் வறண்டு வெடிக்கும். நகையைத் திருகாதீர்கள். தண்டில் காய்ந்த பொருக்கு உள்ளே போய்ச் சுவரைக் கீறும், துளை ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் சுற்ற வேண்டும் என்பது பழைய நம்பிக்கை மட்டுமே.

சில நாளில் துளையோரம் ஒரு சிவந்த சிறு மொட்டு வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது உரசல். தண்டு நீளமா, கோணம் சரியா, உலோகம் எது என்று பாருங்கள். காரணத்தை நீக்கினால் வாரக்கணக்கில் அடங்கும். சிவப்பு பரவிக்கொண்டே போனால், தெறிக்கும் வலியும் மஞ்சள் பச்சைச் சீழும் காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போங்கள், நகையை நீங்களாகக் கழற்றாமல். வாய் மூடினால் சீழ் உள்ளே அடைபடும். கண்ணைச் சுற்றி வீக்கமோ கடும் தலைவலியோ சேர்ந்தால் அன்றே, நேராக அவசரச் சிகிச்சை.

மெல்லிய 20 கேஜில் தொடங்கியவர்கள் ஒன்றிரண்டு மாதம் கழித்து 18-க்கு மாறலாம். தண்டு மெலிதாக இருக்க இருக்க, துண்டிலோ தலையணையிலோ மாட்டி இழுக்கும்போது கம்பி வெண்ணெயை வெட்டுவது போலத் தோலை வெட்டும். மாற்றும்போதும் அதே முறைதான்: வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு, டேப்பரோடு, பழையது விலகும் வேகத்திலேயே புதியது நுழையும்படி.