அருவி ஓடவில்லை

பழைய ஹார்டு டிஸ்க்கைக் குடைந்தபோது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில் நான் வரைந்த அருவிப் படம் ஒன்று சிக்கியது. அந்த மென்பொருளின் எல்பிஎம் வகைக் கோப்பு. இந்தக் காலத்து மென்பொருளே அதைத் திறந்துவிட்டது. திறந்ததோடு சரி, தண்ணீர் ஓடவில்லை.

அந்த அருவி ஓடும். படம் என்னவோ ஒன்றே ஒன்றுதான். 256 வண்ணங்களில் சில நீலங்களை மட்டும் வரிசையாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரு புள்ளிகூட நகராமல் தண்ணீர் கொட்டுவதுபோலத் தெரியும். எந்த நீலங்கள் சுழல வேண்டும் என்பதும் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய பிஎன்ஜி படமாக மாற்றினால் அத்தனையும் போச்சு. அதனால் டாஸ்பாக்ஸ்: இன்றைய கணினிக்குள் பழைய டாஸ் கணினிபோல நடிக்கும் மென்பொருள்.

நிறுவி, கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்ட ‘மவுன்ட் சி’ போட்டு, டீலக்ஸ் பெயின்டுக்குள் போனால் வட்டம் போடும் கருவி வட்டம் போட மறுத்தது. யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த பந்துபோல ஒன்று வந்தது. மென்பொருள்மீது தப்பில்லை. 320×200 படம் அன்றைய 4:3 திரையை நிரப்பியபோது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இன்றைய திரையில் புள்ளி சதுரம். என்னிடமிருந்த டாஸ்பாக்ஸ் 0.74 பதிப்பின் அமைப்புகளில், திரை விகிதத்தைச் சரிசெய்யும் ‘ஆஸ்பெக்ட்’ வரியை ‘ட்ரூ’ ஆக்கியதும் பந்து நிமிர்ந்தது.

அடுத்து, வண்ணத்தட்டை, அதாவது அந்த 256 வண்ணங்களின் பட்டியலைத் திருத்த வைத்திருந்த, பாஸ்கல் நிரல்மொழியில் எழுதிய கருவி. அது தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும். இவ்வளவு வேகமான இயந்திரம் வரும் என்று எழுதியவர் கனவிலும் நினைக்கவில்லை போல. ‘பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன், ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. கன்ட்ரோல்-எஃப்11ஐ அழுத்தி அழுத்தி டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் நின்று பார்த்த மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, போன மாசம்தானே ஸ்லோவா இருக்குன்னு புது கம்ப்யூட்டர் வாங்கினீங்க?”

பதில் சொல்லாமல் இணையத்தில் தேடுவதுபோல பாவனை செய்யப் போனேன். மவுஸ் வெளியே வரவில்லை. டாஸ்பாக்ஸ் ஒருமுறை மவுஸைப் பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல்-எஃப்10 அழுத்தும்வரை விடாது. கையை எவ்வளவு இழுத்தாலும் அம்புக்குறி அருவிக்குள்ளேயே நீந்தும்.

கடைசியில், டீலக்ஸ் பெயின்டில் வண்ணங்களைச் சுழலவிடும் டேப் விசையைத் தட்டினேன். தண்ணீர் கொட்டியது! மகளுக்கே பிடித்துப்போய், போனில் போட்டுத் தரச் சொன்னாள். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்5 அழுத்தினால் திரையில் ஓடுவது ஏவிஐ வீடியோவாகப் பதிவாகும். பெருமையாக அனுப்பிவைத்தேன். ஆனால் டாஸ்பாக்ஸ் அதை இசட்எம்பிவி என்ற தன் சொந்த கோடெக்கில்தான் சுருக்கும். அது என்னவென்றே அவள் போனில் இருக்கும் பிளேயருக்குத் தெரியவில்லை.

“போனுக்குள்ள ஒரு டாஸ்பாக்ஸ் போட்டுட்டா?” என்று ஆரம்பித்தேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.