மரதாசா பள்ளத்தாக்கில் ஒரு கண் நேர்ச்சை

சைப்ரஸ் தீவின் கடலோர ஊரான லிமாசோலிலிருந்து வடக்கே மலை ஏறினால், பிளாட்ரஸ் தாண்டும்போதே காது அடைக்க ஆரம்பித்துவிடும். புரோத்ரோமோஸ் கிராமம்வரை ஏற்றம்தான், கிட்டத்தட்ட 1400 மீட்டர். அதற்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து மரதாசா பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. முதலில் செர்ரிப் பழத்துக்குப் பேர்போன பெதூலாஸ், அதற்குக் கீழே முதுல்லாஸ், அதற்கும் கீழே நாங்கள் தேடி வந்த கலோபனயோதிஸ் கிராமம்.

சைப்ரஸ் என்றால் கடற்கரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணவருக்குக் கப்பல் கம்பெனி வேலை என்பதால் எங்கள் குடித்தனமும் கடலோரத்தில்தான். ஆனால் இந்தத் தீவின் பக்தி முழுக்க ட்ரூடோஸ் மலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் இங்கே பனி கொட்டும். நான் தூத்துக்குடிக்காரி, பனியே பார்க்காத ஊரில் பனிமய மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவள். பனியை நேரில் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

கிராமம் ஒரு சரிவில், புனித யோவான் லம்பதிஸ்திஸ் மடம் எதிர்ச் சரிவில், நடுவே செத்ராகோஸ் ஆறு. ஓட்டுக் கூரையும் மர பால்கனியுமாக வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று நிற்கின்றன. வயசானவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படக் கூடாதென்று கண்ணாடி லிப்ட்கூட வைத்திருக்கிறார்கள். ஆற்றோரம் கந்தக ஊற்று. அந்த வாடை மூக்கில் ஏறும்போதே மடம் கிட்டே வந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

திருத்தூதர் பணிகள் 13ஆம் அதிகாரத்தில் பவுலும் (அம்மாவுக்கு அவர் இன்னும் சின்னப்பர்தான்) பர்னபாவும் சைப்ரஸுக்கு வருகிறார்கள். சலமியில் இறங்கித் தீவு முழுவதையும் கடந்து பாப்போ வரை போகிறார்கள். அங்கே எலிமா என்ற மந்திரவாதி பார்வை இழக்கிறான். மலைப்பக்கம் வந்ததாக வேதத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் ஹெராக்லிதியோஸ் என்ற இளைஞனுக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்தது இந்த ஆற்றில்தான் என்று மரதாசாக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் பின்னாளில் தமாசோஸ் ஊரின் ஆயர். மடத்தின் மூத்த கோயில் அவர் பெயரில் இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

வெளியே நின்று பார்த்தால் கோயில் என்றே தோன்றாது. பெரிய தானியக் கிடங்கு மாதிரி செங்குத்தான மரக்கூரை, அதன்மேல் தட்டை ஓடு. பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக அப்படி. அந்த ஒரே கூரைக்கடியில் மூன்று கோயில்கள் ஒட்டி நிற்கின்றன: ஹெராக்லிதியோஸ் கோயில், நடுவே புனித யோவான் லம்பதிஸ்திஸ் கோயில், வடக்கே லத்தீன் (கத்தோலிக்க) சிற்றாலயம். ட்ரூடோஸின் ஓவியக் கோயில்களை 1985இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று. இப்போது பட்டியலில் பத்து கோயில்கள்.

நாங்கள் வந்தது யோவானுக்காக. பக்கத்தில் லம்பாது என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் கல்யாணம் பேசினார்கள். அவருக்கோ துறவியாகப் போக ஆசை. வேண்டாம் என்று அவர் சொன்னதும் பெண் வீட்டார் ஆத்திரத்தில் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்தார்கள், பார்வை போய்விட்டது என்று கதை. கண் தெரியாமலே தவ வாழ்க்கை வாழ்ந்து 22 வயதில் இறந்தார். அவருடைய கல்லறையின்மேல்தான் இந்த நடுக்கோயில். மண்டையோட்டை வெள்ளிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். திருநாள் அக்டோபர் 4.

இவரைப் பற்றி அம்மாவிடம் போனில் சொன்னதுதான் தாமதம். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய், ஒரு கண்ணில் ஓரப் பார்வை குறைந்துவிட்டது. "என் பேரச் சொல்லி அவருட்ட ஒரு மெழுகுதிரி ஏத்திருளா" என்று உத்தரவு வந்துவிட்டது.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. காவல் இருந்த பெரியவர் கையசைத்து நிற்கச் சொன்னார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம் போல. சில நிமிடத்தில் சுவர் மெல்ல மேலே வர ஆரம்பித்தது. முதலில் பொன்வட்டங்கள், அப்புறம் முகங்கள், கடைசியில் உடைகளின் சிவப்பும் நீலமும். எருசலேமுக்குள் கழுதைமேல் இயேசு வருகிறார். குருத்தோலை வெட்ட மரமேறிய பையன்கள். இது மூத்த கோயிலில். லத்தீன் சிற்றாலயத்தில் சுமார் 1500இல் வரைந்த படங்கள் வேறு மாதிரி. மாதாவைப் புகழ்ந்து நோன்புக் காலத்தில் நின்றபடியே பாடும் 24 பத்திப் பாட்டு ஒன்று கிரேக்கர்களிடம் உண்டு. அதை வரிசையாகச் சுவரில் படமாக வரைந்திருக்கிறார்கள். பாட்டு கிரேக்கருடையது, வரைந்த கையில் இத்தாலியப் பழக்கம். அங்கே எனக்குக் கொஞ்சம் சொந்த வீடு மாதிரி இருந்தது.

மெழுகுதிரி நம்மூர் வெள்ளைத் திரி இல்லை. மெலிசாக, பழுப்பு மஞ்சளாக, கையில் பிடித்தாலே தேன் வாசம் அடிக்கும். மணல் தட்டில் குத்தி வைக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் நேர்ச்சைக்கு மெழுகில் கண், கை, கால், குழந்தை என்று செய்து கோயிலில் வைப்பார்கள். வேளாங்கண்ணியில் தகட்டுக் கண் வாங்கிப் போடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒரு ஜோடி மெழுகுக் கண் வைத்தேன், இமையெல்லாம் அச்சில் வந்திருந்தது. சிலுவை போட்டபோது பெரியவர் என்னையே பார்த்தார். கிழக்குச் சபையான ஆர்த்தடாக்ஸ்காரர்கள் வலத்தோளை முதலில் தொடுவார்கள், கத்தோலிக்கப் பெண்ணான நான் இடத்தோளை. ஒன்றும் சொல்லவில்லை, திரி சாய்ந்திருந்ததை மட்டும் நிமிர்த்தி வைத்தார்.

திரும்பும் வழியில் பெதூலாஸில் 1474ஆம் ஆண்டு மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) கோயிலை எட்டிப் பார்த்தோம். கட்டிக் கொடுத்த குருவானவர் தன் மனைவி, இரண்டு மகள்களோடு சுவரில் நிற்கிறார். குருவுக்குக் குடும்பமா என்று என் கணவர் முழித்தார். கிழக்குச் சபையில் அது சகஜம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு கிக்கோஸ் மடத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? தீவிலேயே பெரிய மடம், 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் காலத்தில் தொடங்கியது. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மினுமினுக்கும் புது மொசைக், பஸ் பஸ்ஸாகக் கூட்டம். ஆனால் மாதா படம் வேறு விஷயம். நற்செய்தி எழுதிய லூக்காவே வரைந்தது என்ற நம்பிக்கை. நம் பரங்கிமலை மாதா படத்துக்கும் அதே பேர்தான். வித்தியாசம், இந்த மாதாவின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. 1576லிருந்து வெள்ளித் தகட்டால் மூடியிருக்கிறார்கள், மேலே துணியும் உண்டு. 1669இல் அலெக்சாந்திரியா மறைமுதல்வர் ஒருவர் திறந்து பார்க்கத் துணிந்து பார்வை இழந்தார் என்று கதை. மழை பொய்த்தால் இந்தப் படத்தைப் பக்கத்துக் குன்றுக்குத் தூக்கிப்போய் வேண்டுவார்களாம்.

விளக்கு எண்ணெய் நனைத்த பஞ்சை ஒரு சிறிய பொட்டலத்தில் வாங்கி வந்தேன். ராத்திரி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"முகத்தையே காட்டாத மாதாவா! அவட்டயும் கேட்டியா?"

"கேட்டேன்மா."

"சரி, அந்த எண்ணெய அனுப்பி வை. கண்ணுல ஒரு சொட்டு விட்டுப் பாக்கேன்."

"ஐயோ, கண்ணுல விட்டுராதம்மா. டாக்டர் தந்த சொட்டு மருந்த நேரத்துக்கு விடு. இத நெத்தியில பூசிக்கோ, போதும்."