ஓபன்ஸெப்பெலின் 4-லிருந்து 5-க்கு: கம்பைலர் சொல்லாத இடங்கள்

எத்தீரியம் போன்ற பிளாக்செயின்களில் ஓடும் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளை எழுதப் பயன்படும் ஆயத்த கோடு நூலகம் ஓபன்ஸெப்பெலின் கான்ட்ராக்ட்ஸ். அதன் 5.0 வந்தது 2023 அக்டோபரில். 4.9-இல் எழுதிய கோடில் பேக்கேஜ் எண்ணை மட்டும் மாற்றி கம்பைல் கொடுத்தால் திரை முழுக்கச் சிவப்புதான். அதற்கு மிரள வேண்டியதில்லை, உட்கார்ந்தால் முடிகிற வேலை. கம்பைலர் வாயே திறக்காமல் விட்டுவிடும் மாற்றங்கள்தான் பணத்தில் கை வைப்பவை.

சத்தம் போடுபவற்றை முதலில் முடித்துவிடலாம். கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டி குறைந்தது 0.8.20 வேண்டும். கணக்கில் எண் வழிவதைத் தடுத்த சேஃப்மேத், எண்ணிக்கை வைத்திருந்த கவுண்டர்ஸ் இரண்டும் இல்லை. ரீஎன்ட்ரன்சிகார்டும் பாஸபிளும் செக்யூரிட்டி ஃபோல்டரிலிருந்து யூட்டில்ஸுக்குப் போய்விட்டன. செட்டப்ரோல் இருந்த இடத்தில் கிராண்ட்ரோல். கவுண்டர்ஸை எடுத்துவிட்டுச் சாதாரண எண் மாறியைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய கோடு முதலில் கூட்டிவிட்டுப் பிறகு படித்திருந்தால் முதல் டோக்கன் எண் 1. புதிதில் படித்துவிட்டுக் கூட்டினால் அது 0 ஆகிவிடும், ஒவ்வொரு டோக்கனின் விவரமும் இருக்கும் மெட்டாடேட்டா கோப்புகள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

கான்ட்ராக்டுக்கு உரிமையாளர் வைக்கும் ஓனபிள் இப்போது கன்ஸ்ட்ரக்டரிலேயே (கான்ட்ராக்டைச் செயினில் ஏற்றும்போது, அதாவது டெப்ளாய் செய்யும்போது, ஒருமுறை ஓடும் பகுதி) உரிமையாளர் முகவரியைக் கேட்கிறது. கம்பைலர் வாயை அடைக்க எல்லோரும் எம்எஸ்ஜி.செண்டரை (அழைப்பவரின் முகவரி) கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். நேரடியாக டெப்ளாய் செய்தால் சரி. ஃபேக்டரி (மற்ற கான்ட்ராக்டுகளை உருவாக்கும் கான்ட்ராக்ட்) வழியாகச் செய்தால் உரிமையாளர் அந்த ஃபேக்டரிதான். உரிமையை மாற்றிக் கொடுக்க அதில் வழி இல்லையென்றால் கதை முடிந்தது. முகவரியைக் கன்ஸ்ட்ரக்டர் ஆர்குமென்டாக வாங்குவதே நல்லது. அப்படிச் செய்தால் கிரியேட்2 வழியாக முன்கூட்டியே கணக்கிட்ட முகவரி மாறும், எக்ஸ்ப்ளோரரில் வெரிஃபை செய்யும்போது அந்த ஆர்குமென்டையும் தரவேண்டும்.

அடுத்தது ஹூக்குகள், டோக்கன் நகரும் முன்னும் பின்னும் தானாக ஓடுபவை. பிஃபோர்டோக்கன்டிரான்ஸ்ஃபர், ஆஃப்டர்டோக்கன்டிரான்ஸ்ஃபர் இரண்டும் போய், மின்ட் (உருவாக்கல்), பர்ன் (எரித்தல்), டிரான்ஸ்ஃபர் மூன்றும் அப்டேட் என்ற ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகின்றன. இஆர்சி-20-இல் (நாணயம் போன்ற டோக்கன்களுக்கான தரம்) டிரான்ஸ்ஃபர், மின்ட், பர்ன் ஆகியவற்றின் உள் ஃபங்ஷன்களை இனி ஓவர்ரைடு செய்ய முடியாது. பரிமாற்றத்துக்கு 1 சதவீதக் கட்டணம் பிடிக்கும் டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்ஃபருக்குள் இருந்த வரிகளை, சூப்பர் (தாய் கான்ட்ராக்ட்) அழைப்பின் பெயரை மட்டும் அப்டேட் என்று மாற்றி, அப்டேட்டுக்குள் ஒட்டினால் கம்பைல் ஆகும். ஆனால் 1000 மின்ட் செய்தால் வாங்குபவருக்கு 990 போகும், 10 கருவூலத்துக்கு. 100 பர்ன் செய்தால் 99தான் எரியும், மொத்த இருப்பும் 99 மட்டுமே குறையும். மின்டில் அனுப்புபவரும் பர்னில் பெறுபவரும் பூஜ்ய முகவரிதான், ஆகவே அனுப்புபவர், பெறுபவர் இருவரும் பூஜ்ய முகவரி இல்லாதபோது மட்டும் கட்டணம் என்று நிபந்தனை போடவேண்டும். கட்டணத்தை நகர்த்தவும் சூப்பரின் அப்டேட்டையே கூப்பிடுங்கள். டிரான்ஸ்ஃபரைக் கூப்பிட்டால் அது திரும்ப இங்கேயே வந்து நிற்கும், கேஸ் (செயினில் கோடு ஓடுவதற்கான கட்டணம்) தீரும்வரை.

இஆர்சி-721-இல் (தனித்தனி எண் கொண்ட டோக்கன்களுக்கான தரம், என்எஃப்டி), டோக்கனை நகர்த்த ஒருவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்த பழைய இஸ்அப்ரூவ்ட்ஆர்ஓனருக்கு இரண்டு ஆர்குமென்ட் போதும். அதற்குப் பதிலாக வந்த இஸ்ஆத்தரைஸ்டுக்கு மூன்று: உரிமையாளர், செலவழிப்பவர், டோக்கன் எண். கொடுத்த உரிமையாளர் உண்மையானவர்தானா என்று அது பார்ப்பதில்லை. முதல் இரண்டு இடத்திலும் எம்எஸ்ஜி.செண்டரைப் போட்டால் எப்போதும் சரி என்றே பதில் வரும், யார் டோக்கனையும் யாரும் எடுக்கலாம். உரிமையாளரை ஓனர்ஆஃப் மூலம் எடுத்துத்தான் கொடுக்கவேண்டும். ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

பிழைச் செய்திகள் சரங்களாக இருந்தது போய், இஆர்சி-6093 முறையிலான கஸ்டம் எரர்களாகிவிட்டன. டெஸ்டுகள் விழும், அது தெரிந்ததே. அவசரத்தில் டெஸ்ட் கருவியான ஃபவுண்ட்ரியின் எக்ஸ்பெக்ட்ரிவெர்ட்டை வெறுமையாக விட்டுப் பச்சையாக்கிவிடாதீர்கள். எந்தக் காரணத்துக்காக ரிவெர்ட் ஆனாலும் (அழைப்பு தோற்றுத் திரும்பினாலும்) அது தேறிவிடும். பிழைச் சரத்தை ஒப்பிட்டுப் பயனருக்குச் செய்தி காட்டும் ஃபிரன்ட்எண்ட் கோடு சத்தமில்லாமல் செயலிழக்கும். அதற்குப் புதிய ஏபிஐ (ABI, கான்ட்ராக்டின் ஃபங்ஷன், எரர் பட்டியல்) கொடுத்து டீகோடு செய்யவேண்டும்.

0.8.20 கம்பைலரின் இயல்பு இலக்கு ஷாங்காய் என்ற ஈவிஎம் (எத்தீரியத்தின் இயங்குபொறி) பதிப்பு, அதில் புஷ்0 என்ற ஆப்கோடு (இயந்திரக் கட்டளை) வரும். அது இல்லாத செயினில் இன்வாலிட் ஆப்கோடு என்று டெப்ளாய் விழும். உள்ளூர் நோடில் எல்லாம் ஓடியிருக்கும். அந்தச் செயினுக்கு ஈவிஎம் பதிப்பைப் பாரிஸ் என்று வையுங்கள்.

பிராக்ஸிகளுக்கு வருவோம். முகவரி மாறாமல், பின்னால் இருக்கும் கோடை (இம்ப்ளிமென்டேஷன்) மட்டும் மாற்ற உதவும் கான்ட்ராக்டுகள் இவை. டிரான்ஸ்பரன்ட் பிராக்ஸியின் கன்ஸ்ட்ரக்டரில் இரண்டாவது ஆர்குமென்ட் முன்பு அட்மின் முகவரி. 5-இல் பிராக்ஸியே தன்னை அப்கிரேடு செய்யும் அதிகாரமுள்ள ஒரு பிராக்ஸிஅட்மினை உருவாக்கிக்கொள்கிறது, அந்த அட்மினின் உரிமையாளர் யார் என்பதே இப்போது இரண்டாவது ஆர்குமென்ட். இரண்டுமே முகவரி வகை, ஆகவே பழைய ஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் ஓடும். அதில் பழைய பிராக்ஸிஅட்மினின் முகவரி இருந்தால் ஒரு அட்மினுக்கு இன்னொரு அட்மின் உரிமையாளர் ஆகிவிடும், அதற்குப் பிறகு அப்கிரேடே கிடையாது. டெப்ளாய் ஆனதும் இஆர்சி-1967 அட்மின் ஸ்லாட்டை (ஸ்டோரேஜில் அட்மின் முகவரி இருக்கும் இடம்) படித்து, அங்கிருக்கும் முகவரியின் ஓனர் உங்கள் மல்டிசிக் (பலர் கையொப்பமிட்டால்தான் இயங்கும் கணக்கு) தானா என்று பார்த்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது, 4-இல் ஓடிக்கொண்டிருக்கும் பிராக்ஸியை 5-இல் கம்பைல் செய்த இம்ப்ளிமென்டேஷனுக்கு நகர்த்துவது. ஓனபிள்அப்கிரேடபிள் மட்டும் சேர்த்த எளிய கான்ட்ராக்டில் 4-இன் அமைப்பு இது: ஸ்லாட் 0-இல் இனிஷியலைஸ்டு எண் (தொடக்க அமைப்பு முடிந்ததா என்ற குறி), 1 முதல் 50 வரை காலி இடம், 51-இல் உரிமையாளர், 52 முதல் 100 வரை மீண்டும் காலி, 101-இலிருந்து உங்கள் மாறிகள். 5-இல் நூலகத்தின் மாறிகள் இஆர்சி-7201 முறைப்படி ஹாஷ் செய்த தனி இடங்களுக்குப் போய்விட்டன, உங்கள் மாறிகள் ஸ்லாட் 0-இலிருந்து தொடங்கும். மாற்றியவுடன் உங்கள் முதல் எண் மாறி 1 என்று காட்டும், அது பழைய இனிஷியலைஸ்டு மதிப்பு. ஓனர் பூஜ்யம். புதிய இடத்தில் இனிஷியலைஸ்டும் பூஜ்யம், ஆகவே இனிஷியலைஸ் ஃபங்ஷனை முதலில் கூப்பிடுபவர் யாரோ அவரே உரிமையாளர். அப்கிரேடு கோடு இம்ப்ளிமென்டேஷனிலேயே இருக்கும் யூயூபிஎஸ் வகை பிராக்ஸி என்றால் அப்கிரேடு சாவியும் அவர் கையில்.

ஓபன்ஸெப்பெலினின் அப்கிரேட்ஸ் பிளகினில் உள்ள வாலிடேட்அப்கிரேட் இதைப் பிடித்துவிடும். ஸ்டோரேஜ் சோதனையைத் தாண்டும் அன்சேஃப் கொடியைப் போட்டு அதை வாயடைக்கக் கூடாது. பழைய பிராக்ஸிகளை 4.9-இலேயே விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். 5 புது டெப்ளாய்மென்டுகளுக்கு மட்டும். பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மில் 4.9-க்கு ஒரு அலியாஸ் (மாற்றுப்) பெயர், ஃபவுண்ட்ரியில் இம்போர்ட் பாதையை மாற்றும் ஒரு ரீமேப்பிங் வைத்தால் இரண்டும் ஒரே ரெப்போவில் இருக்கும், ஒரே 0.8.20 கம்பைலரில் இரண்டும் ஓடும். பழைய கான்ட்ராக்டுகளின் இம்போர்ட் வரிகளில் அலியாஸ் பெயர் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு ஃபைலாகப் பாருங்கள். விட்டுப்போன ஒரு வரி 5-ஐ இழுத்து வந்துவிடும்.